படகுக்கு விளக்கு பார்த்த படலம்

கண்ணாடிக்கடைக்காரர் தன்னுடைய கயாக்குக்கு விளக்கு பார்க்க ஆரம்பித்தபோது அவருடைய மாமியார் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். விளக்கு முடிவாவதற்குள் அந்த அம்மாள் கீழே விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் ஆபரேஷனும் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைக்கவும் பழகிவிட்டார். விளக்கு விஷயம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

கயாக் என்றால் ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்பு போடுகிற ஒடுக்கமான பிளாஸ்டிக் படகு. இவருடையது ஆரஞ்சு நிறம். இருட்டிய பிறகு ஆற்று முகத்துவாரத்துக்குப் போய் பெரிய பெரிய மீனாகப் பிடிப்பதற்காக வாங்கியது. பகலில் இரண்டொரு முறை தண்ணீரில் இறக்கிப் பார்த்ததோடு சரி, அதில் இதுவரை ஒரு மீன்கூட ஏறியதில்லை. வீட்டில் இருக்கிற இரண்டு படுக்கையறைகளில் சின்ன அறையை அதற்கென்றே ஒதுக்கிவிட்டார். நேராகப் போட்டால் கொள்ளாது என்று மூலைக்கு மூலை சாய்வாகக் கிடத்தியிருந்தார். அப்படியும் மூக்கு வாசலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும், கதவைச் சாத்த முடியாது. பாத்ரூமுக்குப் போகிற ஒவ்வொருவரும் அதில் முட்டிக்கொண்டு போனார்கள். அவர் மட்டும் போகும்போதும் வரும்போதும் அதை ஒரு தட்டு தட்டிக்கொடுத்தார்.

மனைவிக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவில் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊரே நாள் முழுக்க அவள் காதில் கத்தும். அதைக் கேட்டுக் கேட்டு, எதற்கும் குரலை உயர்த்தாமல் பேசுகிற வழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. அந்தக் குரலுக்குத்தான் கணவர் பயப்படுவார். கத்துகிறவளாக இருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டுக் கடைக்குப் போய்விடலாம்.

டாக்டர் சொன்னதை அவள் அந்தக் குரலில்தான் சொன்னாள். அம்மா இனிமேல் தனியாக இருக்கக் கூடாது, இங்கேதான் வர வேண்டும். பாத்ரூமுக்குப் பக்கத்தில் இருப்பது அந்தச் சின்ன அறை ஒன்றுதான். "அந்த ரூம்ல ஒண்ணு அம்மா இருக்கணும், இல்ல படகு இருக்கணும். ரெண்டு பேருக்கும் கட்டில் போட இடம் இல்லங்க."

படகை எங்கே கொண்டுபோய் வைப்பது? கார் நிறுத்துமிடத்தில் வைக்கக் குடியிருப்போர் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பால்கனியில் வைத்தால் பாதிப் படகு அந்தரத்தில் நிற்கும். மிச்சமிருந்தது ஆற்றங்கரையில் அவருடைய படகு கிளப்புக்குச் சொந்தமான கொட்டகை. ஆனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. முறைப்படி விளக்கு மாட்டி, அதைக் கமாண்டர் பரிசோதித்து, இருட்டில் ஒரு முறையாவது எல்லோரோடும் போய்வந்த படகுக்குத்தான் கொட்டகையில் இடம்.

கமாண்டர் என்பவர் ராணுவத்தையோ கப்பல்படையையோ எட்டிக்கூடப் பார்க்காதவர். பாத்ரூம் குழாய் விற்கிற கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தொப்பியும் கழுத்தில் ஒரு விசிலும் வாங்கிப் போட்டுக்கொண்டார், மற்றவர்கள் கமாண்டர் என்று கூப்பிட்டார்கள், அவரும் என்ன என்று கேட்டார். அப்படி வந்த பதவி அது.

ஆக, விளக்கு வந்தால் படகு கொட்டகைக்குப் போகும், படகு போனால் மாமியாருக்கு அறை கிடைக்கும். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிற கணக்கு. கண்ணாடிக்கடைக்காரருக்கும் புரிந்தது. அதனால்தான் அவசரப்பட்டு ஏதோ ஒரு விளக்கை வாங்கிவிடக் கூடாது என்று முடிவு செய்தார்.

ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும். படகின் முகப்பில் மாட்டுகிற சிவப்பு, பச்சை விளக்குகள். பின்பக்கம் கம்பத்தின் உச்சியில் நின்று எல்லாத் திசையிலும் தெரிகிற வெள்ளை விளக்கு. தலையில் கட்டிக்கொள்கிற விளக்கு, ரப்பர் உறிஞ்சியால் ஒட்டுகிற விளக்கு, படகின் வயிற்றுக்கடியில் நீலமாக ஒளிர்கிற விளக்கு. கடையில் கண்ணைச் சோதித்துக்கொள்ள எதிரே உட்கார்ந்தவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியை வாசித்து முடித்துவிட்டுக் காத்திருப்பார். இவர் மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு விளக்கு வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது தடவையாக வாசிக்கச் சொல்லப்பட்ட ஒருவர், தன் கண்ணில் ஏதோ பெரிய கோளாறு என்று பயந்துபோய்க் கண் டாக்டரிடம் ஓடினார்.

வரவழைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிய எல்லா விளக்குப் பெட்டியிலும் ஒரு துண்டுத்தாள் இருந்தது. துடுப்பால் ஓட்டுகிற சின்னப் படகுக்கு ஒரு வெள்ளை டார்ச் கையில் இருந்தாலே போதும், மோதுவதற்கு முன்னால் காட்டினால் சரி என்று அதில் எழுதியிருந்தது. விளக்கு என்பது நீங்கள் பார்ப்பதற்காக அல்ல, மற்றவர்கள் உங்களைப் பார்ப்பதற்காக என்றும் இருந்தது. இரண்டையும் அவர் படித்தார். படித்ததும் அவமானமாக இருந்தது. இவ்வளவு பெரிய படகை வாங்கிவிட்டு, கையில் டார்ச் பிடித்துக்கொண்டு போவதா? தாளை மடித்துக் குப்பையில் போட்டார்.

வேலை முடிந்து கைப்பையோடு திரும்பி வருகிற மனைவிக்குத் தெருமுனையிலேயே போன் வரும். அங்கேயே நில், ஜன்னலில் ஒரு விளக்கு வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல் என்பார். அவள் நிற்பாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"எப்படித் தெரியுது?"

"லைட்டு மாதிரி தெரியுது."

இந்தப் பதில் போதாது என்று அவர் குறைப்பட்டுக்கொள்வார். மறுநாள் வேறொரு விளக்கு, அதே தெருமுனை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இவள் தினமும் யாருக்காக அங்கே நிற்கிறாள் என்று பேச ஆரம்பித்தார்கள்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இது தேவையா என்று அவள் ஒரு நாள் கேட்டேவிட்டாள். அவர் அசரவில்லை. தேவை என்பதற்கே உங்கம்மாதான் சாட்சி என்றார். அந்த அம்மாள் தனியாக இருந்த வீட்டில், படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே போகிற வழியில் பல்பு எரியவில்லை. ராத்திரி எழுந்து போனவர் தட்டுத் தடுமாறி விழுந்துவிட்டார். "இருட்டு எவ்வளவு ஆபத்துன்னு இப்பவாவது புரிஞ்சுக்கோ. ஒரே ஒரு லைட்டு இருந்திருந்தா அத்தை விழுந்திருப்பாங்களா?" என்று வக்கீல் போலக் கையை விரித்தார். மனைவி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளை மடிக்கப் போய்விட்டாள். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை டிஸ்சார்ஜ் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்ட பிறகுதான் ஆசாமிக்குச் சூடு பிடித்தது. அன்று மாலையே கிளப் கூட்டம் ஆற்றில் இறங்கப்போகிறது. படகை அதோடு போய்க் கொட்டகையில் போட்டுவிடுகிறேன், அத்தை வரும்போது அறை தயாராக இருக்கும் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். எது நல்ல விளக்கு என்று கடைசிவரை பிடிபடாததால், சிவப்பு பச்சை ஜோடியையும் கம்பத்து விளக்கையும் சேர்த்தே வாங்கிவிட்டார். இத்தனை நாள் பார்த்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று, அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை அறைக் கதவோரம் படகுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, நிஜமாகவே தண்ணீரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, விளக்குகளைப் பொருத்தினார். பச்சை வலது, சிவப்பு இடது என்பது தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒரு சங்கதி. மனுஷன் இத்தனை வருஷமாக எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்த்தே பிழைத்தவர். வலது கண் என்றால் அது அவருடைய இடது கைக்கு நேரே இருக்கும். வலது என்ற சொல் காதில் விழுந்ததும் அவருடைய இடது கைதான் தானாக எழும். தொழில் அப்படி ஊறிப்போயிருந்தது. பச்சை வலது என்று முணுமுணுத்ததும் அன்றும் அது எழுந்தது. பச்சை படகின் இடது பக்கமும் சிவப்பு வலது பக்கமும் போய் உட்கார்ந்தன. திருகாணியை இறுக்கிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, தானே தன்னை மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் குடியிருப்பின் காவலாளியும் அவருமாகப் படகை மாடிப்படி வழியே இறக்கிக் காரின் தலையில் கட்டினார்கள். மனைவி அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

கரையில் கமாண்டர் பரிசோதனையை ஆரம்பித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவர் என்று பெயர். கையில் போனை வைத்துக்கொண்டு படகின் மூக்குக்கு எதிரே வந்து நின்றார். "பச்சை, வலது," என்று வாசித்தார். நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வலது கைப்பக்கம் பச்சை இருந்தது. "சிவப்பு, இடது." அவருடைய இடது கைப்பக்கம் சிவப்பு இருந்தது. நிற்கிற இடம் படகுக்கு எதிர்ப்பக்கம் என்பது குழாய் விற்ற மூளைக்கு எட்டவில்லை. ஒருவருடைய தப்பும் இன்னொருவருடைய தப்பும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திப்போயின. கமாண்டர் விசிலை ஊதி, பாஸ் என்றார்.

பொழுது சாய்ந்ததும் கூட்டம் தண்ணீரில் இறங்கியது. இதைப் பார்த்த மீன்கள் அன்று வேறு ஆற்றுக்குப் போயிருக்கும். கூட்டத்திலிருந்த பல் டாக்டர் தலையில் கட்டியிருந்த விளக்கு, அவர் யாரைப் பார்த்துப் பேசினாலும் அவர்கள் கண்ணைக் குருடாக்கியது. இன்னொருவரின் விளக்கு ஆம்புலன்ஸ் மாதிரி விட்டு விட்டு மின்னியது. கமாண்டர் படகில் கல்யாண மண்டபத்துக்குப் போடுகிற அளவுக்கு வெளிச்சம். கண்ணாடிக்கடைக்காரரின் கம்பத்து விளக்கு அவருடைய வழுக்கையில் பட்டுத் தெறித்ததில், ஆற்றிலிருந்த பூச்சியெல்லாம் அவர் தலைக்குக் குடிவந்தன. ஒரு கையால் துடுப்பும் ஒரு கையால் பூச்சியுமாக அவர் வரிசையின் கடைசியில் வந்துகொண்டிருந்தார்.

அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றுகிற பெரிய படகு அந்த நேரத்துக்கு வரிசையின் இடது பக்கமிருந்து வந்தது. மற்றவர்கள் கடந்துபோய்விட்டார்கள். கடைசியாக ஒரு பச்சை விளக்கு தெரிவதைப் பெரிய படகின் ஓட்டுநர் பார்த்தார். பச்சை தெரிந்தால் அது படகின் வலது பக்கம், அப்படியானால் அந்தப் படகு கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறது. வருகிறவருக்கு வழிவிடலாம் என்று அவர் முறையாக அதன் முதுகுப்பக்கமாக ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்துக்கே கண்ணாடிக்கடைக்காரர் முழு மூச்சாகத் துடுப்பு போட்டுக்கொண்டு போனார்.

சங்கு அலறியது. இன்ஜின் பின்னோக்கிச் சுழன்று தண்ணீர் கொதித்தது. அலை வந்து கயாக்கைத் தூக்கிப் போட்டதில் அவர் விழவில்லை என்பதுதான் அன்று நடந்த ஒரே நல்ல விஷயம். பயத்தில் துடுப்பை மார்போடு கட்டிக்கொண்டார். பெரிய படகின் பயணிகள் அத்தனை பேரும் கைப்பிடிக் கம்பிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் ஓட்டுநரின் குரல் ஆற்றுக்கே கேட்டது.

"யோவ், நீ வர்றியா, போறியா?"

"போறேன்," என்றார் இவர்.

"அப்ப வர்ற மாதிரி எதுக்குய்யா லைட்டு போட்டிருக்க?"

கம்பியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவர் இவரிடம் கண்ணாடி வாங்கியவர். அடையாளம் கண்டுகொண்டு கையை வேறு ஆட்டினார்.

கரைக்கு வந்ததும் பஞ்சாயத்து நடந்தது. நீங்கள்தானே பாஸ் போட்டீர்கள் என்று கண்ணாடிக்கடைக்காரர் கேட்டார். என் கண் முன்னால் பச்சை வலதில்தான் இருந்தது, அதற்கப்புறம் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று கமாண்டர் கூசாமல் சொன்னார். பல் டாக்டர் ஆமோதித்துத் தலையாட்ட, எல்லோர் கண்ணும் கூசியது. கமாண்டர் எங்கே நின்று பார்த்தார் என்பதும், தன் கை எங்கே போனது என்பதும் கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்த நிமிஷத்தில் ஒன்றாக விளங்கிவிட்டது. வெளியே சொன்னால், ஊருக்கே கண் சோதிக்கிறவருக்கு வலது எது இடது எது என்று தெரியாது என்றாகிவிடும். வாயை மூடிக்கொண்டார். ஒழுங்காக விளக்கு மாட்டத் தெரியாத படகுக்குக் கொட்டகையில் இடமில்லை என்று தீர்ப்பானது. விசிலும் ஊதப்பட்டது.

படகை மறுபடியும் காரின் தலையில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். ஓட்டுநர் மேல் பழி போடலாமா, அலை மேல் போடலாமா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வேலைக்கு ஆகிற பொய் ஒன்றுகூட அமையவில்லை. காவலாளி ஒரு முனையைப் பிடிக்க, மாடி ஏறி உள்ளே நுழைந்தார்கள். சின்ன அறையில் கட்டில் போட்டு, மாமியார் படுத்திருந்தார். கூடத்தில் சோபா. வேறு வழியில்லாமல் அறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே போகிற வழியில் படகைக் கிடத்தினார்கள். காவலாளி முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனான். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு ஏதாவது ஏற்பாடு பண்றேன்," என்றார்.

"சரிங்க," என்றாள் அவள், புகாரைப் பதிவு செய்துகொள்கிற அதே குரலில். அவர் அப்படியே படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கால்சட்டையிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டியது.

அறைக்குள்ளிருந்து வாக்கரின் ரப்பர்க் கால்கள் தரையில் ஊன்றி ஊன்றி வருகிற சத்தம் கேட்டது. மாமியார் வாசலுக்கு வந்தார். எதிரே வழி முழுக்கப் படகு. வழியின் விளக்குக்கான ஸ்விட்ச் படகுக்கு அந்தப் பக்கம் சுவரில் இருந்தது. எட்டாது.

"அத்தை, அங்கேயே நில்லுங்க. லைட்டு போடறேன்," என்று பதறிக்கொண்டு எழுந்து, கைக்கு எட்டிய ஒரே ஸ்விட்சை, படகின் ஸ்விட்சைத் தட்டினார். வெள்ளை, சிவப்பு, பச்சை மூன்றும் ஒன்றாக எரிந்தன. ஆஸ்பத்திரி நைட்டியில் இளைத்துப்போய் நின்ற அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கம்பத்து விளக்கை நிதானமாகப் பார்த்தார்.

"இதுதான் அந்த லைட்டா மாப்பிள்ளை?"

"எந்த லைட்டு அத்தை?"

"நான் கேட்டிருந்தேனே. பாத்ரூம் போற வழியில பல்பு போயிடுச்சு, ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்கன்னு. சாதா பல்பு உங்க கண்ணுக்கு ஆகாது அத்தை, நல்லதா பாத்து வாங்கிட்டு வரேன்னு சொன்னீங்க. நீங்க பாத்துட்டிருப்பீங்கன்னு நானும் அப்புறம் கேக்கல."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு மாமியாருக்குப் புதுக் கண்ணாடி கொண்டுபோய்க் கொடுத்த நாள். அங்கேயே உட்கார்ந்து போனில் பல்பு தேட ஆரம்பித்தார். பல்புக்கு நடுவே படகு விளக்கு ஒன்று வந்தது. அதைத் தட்டினார். அது இன்னொன்றைக் காட்டியது. அதற்குப் பிறகு அவர் பல்பின் பக்கம் திரும்பவே இல்லை. இவ்வளவு நாள் தேடித் தேடிப் பார்த்ததெல்லாம் இந்த அம்மாளுக்காக ஆரம்பித்த தேடல். மனைவி அன்று தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது ஏன் என்பதும் இப்போது புரிந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆற்று நடுவில் அத்தனை பேர் சிரித்தபோது இருந்ததைவிட அதிகமாக இருந்தது.

படகின் மூக்கைப் பிடித்து இழுத்தார். மனைவி வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக அதை வாசலுக்கு வெளியே மாடிப்படியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். சங்கம் நாளைக்குக் கத்தும், கத்தட்டும். ராத்திரியில் அத்தை ஸ்விட்சைத் தேட வேண்டாம், அறை வாசலிலேயே ஒன்று எரியட்டும் என்று கம்பத்திலிருந்து வெள்ளை விளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, திருப்புளியோடு உள்ளே வந்தார். மாமியார் வாக்கரைப் பிடித்தபடி இன்னும் அறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரை நேராகப் பார்க்கத் தைரியம் வராமல், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எந்தப் பக்கம் மாட்டட்டும் அத்தை? வலதா, இடதா?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன மாப்பிள்ளை," என்றார் அந்த அம்மாள். "நான் வர்றது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்."